தூது போகாதீர்கள்: குடும்ப ஆலோசனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நான் இந்த வேலைக்கு வந்து 18 வருடமாகிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம், "சார், மருமகள் சொன்னதை மாமியார்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிட்டேன்" என்று பெருமையாக வந்து நின்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பக்குவம்தான் என்னையும் கவிழ்த்தது. போனைப் பார்த்துக்கொண்டே கேட்பது மாதிரியான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் வீட்டிலேயே சொல்லித் தந்திருப்பார்கள்.

"எந்தத் தெரு?" என்று கேட்பது

கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி எதை விசாரிக்கிறது என்று வந்தவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தூது போவது

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அண்ணன் தம்பி. ஒரே கிணறு, ஒரே பம்புசெட்டு, வரப்புத் தகராறு. மூன்று வருடமாகப் பேச்சே இல்லை. இருவரையும் தனித்தனியாகப் பார்த்துவந்தேன். ஒருநாள் தம்பி, "வருத்தமாத்தான் இருக்கு சார், இந்த மனுசன்கூடப் பொறந்துட்டமேன்னு" என்றார். நான் அண்ணனிடம் போய் முதல் பாதியை மட்டும் சொன்னேன்: "தம்பி வருத்தப்படுதாரு, அண்ணாச்சி." பொய் இல்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு.

அண்ணாச்சி அதை மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சொதி வைக்கச் சொல்லி, இலையும் வாங்கிவைத்துத் திண்ணையில் காத்திருந்தார். தம்பியிடம் நான் சொல்லியிருந்தது, "அண்ணாச்சி இறங்கி வந்துட்டாரு." தம்பி நிலத்தை அளக்க ஆளையே கையோடு கூட்டி வந்துவிட்டார். வாசலில் வைத்து இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்: "நீங்கதான சார் சொன்னிய?" மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அப்புறம் ஆறு வருடம் வழக்கு. அந்தச் சொதியை யார் சாப்பிட்டார்களோ.

அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் 1950களில் நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தவர். இதை அவர் முக்கோணம் என்றார். இருவருக்குள் பதற்றம் தாங்காமல் போனால் மூன்றாவது ஆளை உள்ளே இழுக்கிறார்கள். பாரம் அவர்மேல் ஏறியதும் இருவருக்கும் கொஞ்சம் ஆசுவாசம்; நேரில் பேசித் தீர்க்கும் அவசரமும் அதோடு போய்விடுகிறது. நான் உதவி என்று நினைத்து ஓடியது, அந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நாள் வசதியாக இருக்கத்தான்.

இப்போது யாராவது "அவர்கிட்ட சொல்லிருங்க" என்றால், "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். போகட்டும்.

குணம் என்று எழுதிவைப்பது

"மருமகளுக்குத் திமிரு" என்று மாமியார் சொன்னதைப் பயிற்சிக்கு வந்த அந்தத் தம்பி அப்படியே நோட்டில் எழுதியிருந்தார். அந்தப் பெண் நைட் டூட்டி முடித்து வரும் நர்ஸ். காலையில் முகம் கொடுத்துப் பேசத் தெம்பிருக்காது. 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கியூபா தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பமில்லை, சொல்லி எழுதவைத்தது என்று தெரிந்த பிறகும், அவர் மனதில் இருப்பதும் அதுதான் என்றே படித்தவர்கள் பெரும்பாலும் எண்ணினார்கள். மாமியாரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

முதல் நாளே அறிவுரை

வேண்டாம்.

அடி விழும் வீட்டில் சமரசம்

மேலே சொன்னது எதுவும் இங்கே செல்லாது. இருவரையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள். அந்தப் பெண்ணைத் தனியாகப் பாருங்கள், மகளிர் உதவி எண் 181 அவள் போனில் இருக்கிறதா என்று கேளுங்கள்.