செட்டிநாட்டு வெயிலில் ரோஜாக் கவாத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பத்தா வைத்த பன்னீர் ரோஜா ஒன்று இருந்தது. சில வருடங்களுக்கு முன், அக்னி நட்சத்திரம் தொடங்க நான்கைந்து நாள் இருக்கும்போது, ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அந்தச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வீடியோவில் இருந்த செடி இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. பின்னால் வேலியில் பனி ஒட்டியிருந்தது. அதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. இரண்டு வாரத்தில், மேற்கு வெயில் படும் பக்கம் மட்டும் தண்டின் தோல் பழுத்துக் காய்ந்தது. துளிர்த்த இரண்டொரு முளையும் கருகியது. ஆடி பிறக்கும்போது செடி இல்லை.

அப்பத்தாவும் அப்போது இல்லை. அந்தச் செடி போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர் நாட்டில் ரோஜா உறங்குகிறது. இலை உதிர்வதற்கு முன் வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் குளிர் விடும் நேரத்தில் ஒரு அடி விட்டு மிச்சத்தை வெட்டினாலும், சேமிப்பை வைத்து எழுந்துவிடும். நம் ஊரில் செடிக்கு உறக்கமே கிடையாது. காரைக்குடியில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. வருடம் முழுக்க இலை இருக்கிறது, செடி வேலை செய்துகொண்டே இருக்கிறது. அன்றாடம் இலை சமைத்துத் தருவதுதான் அதற்குச் சாப்பாடு. இலையோடு கிளையை வழித்து எடுத்தால் அடுப்பையே எடுத்துவிட்ட மாதிரி. போதாததற்கு, இத்தனை நாள் இலை நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயிலில் நிற்கிறது. நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் வாங்குகிற வெப்பத்தைத் திருப்பியும் அடிக்கும்.

ஆகவே முதல் தவறு, தப்பான மாதத்தில் கை வைப்பது. பங்குனி முதல் ஆனி வரை ரோஜாவுக்குப் பெரிய கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பது, வேண்டாம். அந்த மாதங்களில் பூ சிறுத்துத்தான் வரும், இதழ் ஓரம் கருகும், பார்க்க மனசு கேட்காது. அது வெயிலின் வேலை, வெட்டினால் சரியாகாது. காய்ந்த குச்சியையும் வாடிய பூவையும் மட்டும் எடுங்கள். செடியின் அடியில் தழை, வைக்கோல் போட்டு, காலையில் தண்ணீர் விடுங்கள். செடி கோடையைத் தாண்டினால் போதும்.

அப்படியென்றால் எப்போது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சமவெளி ரோஜாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சொல்கிறது. மூன்று மாதம் என்பது பெரிய இடைவெளி. நம் பகுதியில் அதற்குள் வடகிழக்குப் பருவமழை முழுதாக வந்து போய்விடும். ஐப்பசி அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் ஈரமாகவே கிடக்கும். அதன் வழியே பூஞ்சை இறங்கி, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே வரும். இதை நுனிக்கருகல் என்பார்கள். வெட்டியதும் வரும் இளந்துளிர் தொடர்மழையில் மாட்டினால் கரும்புள்ளி நோயும் சேரும். என் அனுபவத்தில், கார்த்திகையில் மழை தணிந்து, தொடர்ந்து மூன்று நான்கு நாள் வெயில் அடிக்கும் வாரம்தான் செட்டிநாட்டுக்குப் பொருத்தம். மண்ணில் ஈரம் இருக்கும், வெயிலில் கடுமை இருக்காது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கவாத்து முடிந்து பூ வர ஏறக்குறைய 45 நாள் ஆகும். குளிர்ச்சியான மாதமானால் ஒரு வாரம் கூடலாம். திருக்கார்த்திகை விளக்கேற்றும் சமயத்தில் வெட்டினால் தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கும். கொஞ்சம் பிந்தினாலும் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்குக் கூடை நிறையும். மார்கழிக் குளிரில் மெல்ல விரிகிற பூவின் நிறமும் வாசமும் மற்ற மாதங்களில் வராது.

ஆடிக் கடைசியில் ஒரு சின்னக் கவாத்து செய்யலாம். ஆவணி, புரட்டாசியில் நம் பக்கம் சாயங்கால இடிமழை கிடைப்பதால் செடி தாங்கும். நுனியில் அரை அடி, ஒரு அடி எடுப்பது, உள்ளே நெருக்கும் குச்சிகளைக் களைவது, அவ்வளவுதான்.

எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் அடுத்த தவறு. பல்கலைக்கழகம் போன பருவத்தின் வலுவான கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டச் சொல்கிறது. தோட்டத்தில் எருவும் தண்ணீரும் தவறாமல் போகும் செடிக்கு அது சரி. மாடித் தொட்டியில் இருக்கும் செடிக்கும், செம்புறாங்கல் சரளை மண்ணில் சிரமப்பட்டு வளர்ந்த செடிக்கும் நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, பென்சில் கனம்கூட இல்லாதது ஆகியவற்றை எடுங்கள். அப்புறம் நாலடி தள்ளி நின்று பாருங்கள். பல செடிகளில் அதற்குமேல் வெட்ட அதிகம் இருக்காது. நர்சரியிலிருந்து வாங்கி ஒரு வருடம் ஆகாத செடிக்குக் கவாத்தே தேவையில்லை.

வெட்டும் கோணத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, லேசான சாய்வு. அது கைக்கு வந்தால் நல்லது, வராவிட்டால் செடி செத்துவிடாது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி இதைச் சோதித்தே பார்த்தது. கணு பார்த்து நுணுக்கமாக வெட்டிய செடிகளையும், வேலி வெட்டும் கருவியால் மட்டமாகச் சீவிய செடிகளையும் சேர்த்து வளர்த்ததில், சீவியவை பூப்பதில் பின்தங்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒன்று. அங்கே குளிரும் மழையும் வேறு. இங்கே கணுவுக்கு மேல் இரண்டு விரற்கடை குச்சியை விட்டுவைத்தால் அது காய்ந்து, கருகல் கீழே இறங்க வழியாகும். அடித்தண்டை ஒட்டிக் கிடக்கும் பட்ட கட்டைகளைக் கரையான் விடாது. செம்மண்ணில் தோட்டம் வைத்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கோணத்தை விட்டாலும் குச்சியை நீட்டிவிடாதீர்கள். காய்ந்த கிளையானால் வெட்டுவாயில் உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை கீழே போங்கள். பழுப்பு தெரிந்தால் இன்னும் ஒரு கணு.

கத்தரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூவைக் கையால் முறிப்பதும், சமையலறைக் கத்தரிக்கோலால் நறுக்குவதும் தோலை உரித்துவிடும். இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் கவாத்துக் கத்தரி வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான கட்டை மேல் வந்து உட்காரும் வகை பச்சைத் தண்டை நசுக்கும். செடி மாறும்போது அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும்.

வெட்டுவாயில் சாணி அப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலைக் கூட்டும். மெல்லிய கிளைக்கு ஒன்றும் பூச வேண்டாம், வெயிலில் தானாகக் காயட்டும். கட்டைவிரல் கனமுள்ள பழைய தண்டை வெட்டினால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையோ, தண்ணீரில் குழைத்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியோ தடவலாம்.

வெட்டிய அன்றே கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றுவது இன்னொரு அவசரம். இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். தொட்டியில் அது தேங்கினால் வேர் அழுகும். மட்கிய தொழு உரத்தை மேல்மண்ணில் கலந்துவிட்டுப் பொறுத்திருங்கள். துளிர் சிவப்பாக எட்டிப்பார்த்து ஒரு விரல் நீளம் வந்த பிறகு, புளிக்கவைத்துத் தண்ணீர் நிறையச் சேர்த்த புண்ணாக்கை விடலாம். ஆட்டு எரு பழையதாக இருக்க வேண்டும், புதுசு வேரைச் சுடும்.

ஒட்டு ரோஜா என்பது காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டியது. அதை வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் காட்டுக் கிளையை. கவாத்துக்குப் பிறகு அது வேகமாக வரும், “அட, எவ்வளவு செழிப்பு” என்று நாமும் விட்டுவிடுவோம். அது மேலே உள்ள நல்ல ரோஜாவின் சத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வருடத்தில் செடியையே தனதாக்கிக்கொள்ளும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்லது என்று சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். பல நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, ஒட்டு முடிச்சுக்கு மேலா கீழா என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி. கீழே என்றால் கத்தரி போடாமல் அடியோடு பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடிக் கண்களிலிருந்து திரும்ப முளைக்கும்.

கடைசியாக, எல்லா ரோஜாவுக்கும் ஒரே வெட்டு போடுவது. பட்டன் ரோஸுக்குக் கணக்கு எதுவும் வேண்டாம், வேலி சீவுவது போல் மேலாகச் சீவினால் போதும். முகப்புத் தூணில் ஏற்றிய கொடி ரோஜாவின் முதன்மைக் கொடிகளைக் குறுக்கவே கூடாது. அவற்றைப் படுக்கை வாட்டில் கட்டிவிட்டு, பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்ட வேண்டும். பன்னீர் ரோஜாவுக்கும் இதே குணம் உண்டு. நீளமாகப் போகும் கிளையை வெட்டுவதற்குப் பதில் மெல்ல வளைத்து, நுனியைத் தரைப்பக்கமாக ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டால், நுனிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த வேகம் எல்லாக் கணுவுக்கும் பகிர்ந்து, வளைவு முழுக்கப் பக்கத்துளிர் எழும்பி ஒவ்வொன்றிலும் பூக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி இதை எந்த வீடியோவும் பார்க்காமல் செய்துகொண்டிருந்தார்கள். அப்பத்தா செடியிலிருந்து எப்போதோ ஒரு குச்சி வாங்கிப்போய் நட்டவர்கள் அவர்கள்தான். போன கார்த்திகையில், கவாத்து செய்யும்போது எடுத்துவைத்த நான்கு குச்சிகளை என்னிடம் கொடுத்து, “இந்தா, இது உங்க அப்பத்தாளோடதுதான். நிழலா வை” என்றார்கள். இரண்டு துளிர்த்திருக்கின்றன. இந்த வருடம் அவற்றில் கத்தரி படாது.