தகர ரோபோவில் திரை பொருத்த எக்ஸ்ரே ஃபிலிம்

பழைய தகர ரோபோ பொம்மையின் மார்பில் சிறிய ஓஎல்இடி திரையைப் பொருத்தும்போது, திரைக்கும் தகரத்துக்கும் இடையே, வீட்டில் பயனற்றுக் கிடக்கும் எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டை, அதன் கருப்புப் பூச்சை ப்ளீச் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய பின், வெட்டி வையுங்கள்.

தகரம் மின்சாரத்தைக் கடத்துவதால், 0.96 அங்குலத் திரையின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் (உலோகப் பற்று) முனைகள் அதைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, திரையோ அதை இயக்கும் மின்சுற்றுப் பலகையோ பாழாகக்கூடும். பூச்சு நீங்கிய ஃபிலிம் வெறும் பாலியெஸ்டர் என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் காகித அட்டை ஈரத்தை இழுத்து, தான் தொடும் தகரத்தையும் துருப்பிடிக்க வைப்பதைப் போல இது செய்யாது. திரைக்காகத் தகரத்தை வெட்டியிருந்தால், அந்த விளிம்பு துருப்பிடிக்காமலிருக்க நிறமற்ற நகப்பூச்சு தனியே தேவைப்படும்.

சூடான சால்டரிங் அயர்ன் பட்டால் ஃபிலிம் உருகிவிடும் என்பதால், பற்றவைப்பு முழுவதும் முடிந்த பிறகே அதை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உடல் கொண்ட ரோபோக்களுக்கு இது தேவையில்லை. அசல் பெட்டியோடும் சிதையாத வண்ணத்தோடும் கிடைத்த அரிய பொம்மையில் எதையும் பொருத்தாமல் விடுவதே என் பார்வையில் சரி. உதிரிபாகத்துக்காக வாங்கிய உடைந்த ரோபோவே இதற்குத் தோதானது.