பாட்டு எழுத உட்கார்ந்து வரி வராமல் நின்றால் செய்யக் கூடாதவை

மெட்டு போனில் வந்துவிட்டது, இருபது தடவை கேட்டாயிற்று, நோட்டில் ஒரு வரி கூட இல்லை. இந்த இடத்தில் பலர் பல்லவியின் முதல் வரியிலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். வேண்டாம். முழுப் பாட்டும் என்ன சொல்லப் போகிறது என்றே தெரியாதபோது பல்லவி எங்கிருந்து வரும்? சரணத்தில் ஆரம்பியுங்கள். சரணத்துக்கென்று எழுதிய வரி பின்னால் பல்லவியாக மேலே ஏறியது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

அடுத்தது, எழுதினால் அர்த்தத்தோடுதான் எழுதுவேன் என்ற பிடிவாதம். முதலில் மெட்டைத் தத்தகாரமாக, அதாவது அர்த்தமில்லாத தன, தானா அசைகளாக எழுதி வையுங்கள். 'தானன தானன தானா' என்று வந்தால் 'ஓடுது பாரொரு பூனை' என்று வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுங்கள். டம்மி வரிதானே, பரவாயில்லை. எங்கே நெடில் வேண்டும், எங்கே சொல் பிரியலாம் என்று நாக்குக்குப் பழகிவிட்டால், 'வேலியி லாடிய பூவே' அதே தடத்தில் வந்து உட்காரும்.

கற்பனை வற்றிவிட்டது என்று நாம் பயப்படும்போது பல சமயம் சொல் மெட்டில் உட்காராததுதான் சிக்கலாக இருக்கும். ஒருமுறை ஒரு வரியின் கடைசியில் 'காற்று' என்று வைத்துவிட்டு மூன்று நாள் தவித்தேன். பொருள் சரியாகத்தான் இருந்தது, பாடினால் இடறியது. 'காற்று' குற்றியலுகரத்தில் முடிகிற சொல், அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான், மெட்டோ அங்கே நீண்டு நிற்கிறது, இழுத்தால் 'காற்றூ' என்று கேட்கிறது. 'காற்றே' என்று மாற்றியதும் பாட்டே காற்றிடம் பேசுகிற பாட்டாகிவிட்டது, மீதி வரிகள் அன்று மாலையே வந்தன.

வரிகளின் கடைசியில் ஒலி ஒன்றிவரும் இயைபை முதலில் தேடுவதும் தவறுதான். வானம், கானம், மோனம் என்று கடைசிச் சொற்களை அடுக்கிவிட்டால் அவை இழுத்த பக்கமெல்லாம் பாட்டும் போகும். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையை வரித் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, வரியின் முடிவைச் சொல்ல வந்த விஷயத்துக்கே விட்டுவிடுங்கள்.

அப்புறம் இந்தப் பெரிய சொற்கள், வலி, கனவு, ஏக்கம். அம்மா இல்லாத வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்த நண்பர் ஒருவர் 'ஏக்கம்' என்று எழுதுவதும் அடிப்பதுமாக ஒரு வாரம் கிடந்தார். ஜன்னலோரத்தில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது, உள்ளே அம்மா போட்டு வைத்த இரண்டு ஊக்கு. அதை அப்படியே எழுதினார், சரணம் முடிந்தது.

வரி வராதபோது வேறு பாட்டுகளைக் கேட்காதீர்கள், உங்கள் மெட்டு காதிலிருந்து போய்விடும். பிடிக்காத வரியைக் கிழித்துப் போடவும் வேண்டாம், ஒரு கோடு போதும். அரைகுறையாகப் பாடிப் பார்த்ததையும் போனில் பதிந்து வையுங்கள். மறுநாள் பஸ்ஸில் அதைக் கேட்கும்போது எந்த இடத்தில் உங்கள் குரல் தயங்குகிறது என்று கவனியுங்கள், மாற்ற வேண்டிய சொல் அங்கேதான் இருக்கும்.