"ஹார்டன், 58–60" என்று மட்டும் டிராயிங்கில் எழுதாதீர்கள்

பினாங்கின் பிறையிலோ சிம்பாங் அம்பாட்டிலோ வெப்பப் பதப்படுத்தும் பட்டறைக்குப் போகும் டிராயிங்கில் பல நேரம் ஒற்றை வரிதான் இருக்கும்: "ஹார்டன், 58–60 எச்ஆர்சி." (ஹார்டன் என்றால் காய்ச்சிக் கெட்டியாக்குவது; எச்ஆர்சி என்பது ராக்வெல் சி என்ற கெட்டித்தன்மை அளவு, கீழே 58, 60 என்று வெறுமனே வருவதும் அதுதான்.) பொருள் எங்கே தேயும், அடி வாங்குமா, உலையிலிருந்து வந்தபின் வயர்கட்டுக்கு (மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு வெட்டும் முறை) போகுமா, பூச்சு ஏறுமா, ஒன்றும் இருக்காது. பட்டறைக்காரர் கேட்ட எண்ணைக் கொடுத்துவிடுவார். விரிசல் விடுவதெல்லாம் பிறகுதான். (இங்கே சொல்லும் வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.)

சாதாரண மைல்டு ஸ்டீலை ஹார்டனிங்குக்கு அனுப்புவது பழைய தவறு. அதில் கார்பன் 0.2 விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் 58 வராது. மேற்பரப்பு மட்டும் கெட்டியானால் போதும் என்றால் கார்புரைசிங் கேளுங்கள்: 900–930 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, 0.8 முதல் 1 மி.மீ. ஆழத்துக்குக் கார்பன் ஏற்றி, அதன்பின் தோய்ப்பார்கள், அதாவது சூட்டோடு சட்டென ஆற்றுவார்கள். மரை இருக்கும் இடத்தை மறைக்கும்படி டிராயிங்கிலேயே குறித்துவிடுங்கள். மறந்தால் மரைப் பற்களிலும் கார்பன் ஏறி, முறுக்கும்போது உதிரும்.

எஸ்45சி என்ற நடுத்தரக் கார்பன் எஃகு தண்ணீரில் கெட்டியாகும், ஆனால் தடித்த தண்டில் வெளிப்பகுதி மட்டுமே. சாவிக்கட்டை உட்காரும் பள்ளமான கீவேயின் கூர்மூலையில்தான் முதல் விரிசல் வரும். அங்கே சிறு வளைவு கொடுங்கள். பேரிங் உட்காரும் இடம் மட்டும் தேயாமல் இருக்க வேண்டுமென்றால் முழுத்தண்டையும் தோய்ப்பது வீண்செலவு. அந்த இடத்துக்கு மட்டும், மின்சுருளால் காய்ச்சும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்தால் தண்டு கோணுவதும் குறையும்.

தகடு வெட்டும் பஞ்ச், டை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது எஸ்கேடி11 என்ற கருவி எஃகு. டி2, 1.2379 என்ற பெயர்களில் வருவதும் ஏறக்குறைய இதே எஃகுதான். 650, 850 டிகிரிகளில் நிறுத்தி நிறுத்தி ஏற்றி, 1020–1040இல் வைத்து, வாயுவில் குளிர்விப்பார்கள். பிறகு 180–200 டிகிரியில் டெம்பர் செய்தால் (நொறுங்கும் தன்மை குறைய மறுபடி மிதமாகக் காய்ச்சுவது) 60–62 கிடைக்கும். எளிய வடிவப் பஞ்சுக்கு அது போதும். அதே கட்டையை வயர்கட்டில் போட்டால் கதை வேறு. உள்ளே அடைந்திருக்கும் இறுக்கம் வெட்டு ஓட ஓட விடுபடும். துவாரம் இடம் மாறும், சில சமயம் கட்டை சத்தத்தோடு பிளக்கும். வயர்கட் ஆபரேட்டர்மேல் பழி விழும், பாவம். வயர்கட் இருக்கிறதென்றால் 500–520 டிகிரியில் குறைந்தது இரண்டு முறை டெம்பர் கேளுங்கள். 58–60தான் வரும், ஆனால் இறுக்கம் பெரிதும் தணிந்திருக்கும். இரண்டாவது முறை எதற்கென்றால், தோய்த்தபின் மாறாமல் மிஞ்சிய ஆஸ்டினைட்டில் (எஃகு சூட்டில் எடுக்கும் உள்ளமைப்பு) ஒரு பங்கு முதல் டெம்பருக்குப் பிறகு ஆறும்போதுதான் மார்ட்டன்சைட் என்ற கெட்டி அமைப்பாகிறது. அந்தப் புது மார்ட்டன்சைட் டெம்பர் ஆகாமல் நொறுங்கும் தன்மையோடு நிற்கும். டைட்டானியம் நைட்ரைடு பூச்சுக்கும் இதே கணக்கு. பூச்சு அறை 400–500 டிகிரிக்குப் போகக்கூடும். 200இல் டெம்பர் ஆன பஞ்ச் அங்கே மென்மையாகி, அளவும் மாறி வெளியே வரும். ஆகவே டிராயிங் வரி இப்படி இருக்கட்டும்: "எஸ்கேடி11, 58–60, டெம்பர் 510 டிகிரி இரு முறை, பின் வயர்கட்."

இன்னொன்று: தோய்த்த பொருள் 50–70 டிகிரிக்கு இறங்கியதும் நேராக டெம்பர் உலைக்குப் போக வேண்டும். நாளைக் காலை பார்க்கலாம் என்று தட்டில் விட்டுவைத்தால் இரவிலேயே விரிசல் விடலாம்.

எஸ்கேடி61ஐ எஸ்கேடி11 என்று நினைத்து 58 கேட்பவர்களும் உண்டு. அது சூட்டில் உழைக்கும் எஃகு; 560–600இல் டெம்பர் ஆகி 48–52க்குள் நிற்பதே அதன் பதம். மேலே தேய்மானம் தாங்க வேண்டுமென்றால் நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றுவது) சேர்க்கச் சொல்லுங்கள்.

நைட்ரைடிங்குக்குப் பெரும்பாலும் எஸ்சிஎம்440 என்ற குரோம்-மாலிப்டினம் எஃகை எடுப்பார்கள். நைட்ரைடிங் 510–520 டிகிரியில் நடந்தால், அதற்கு முந்தைய டெம்பர் குறைந்தது 30 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் உள்பகுதி தளரும். முரட்டு வெட்டு முடிந்ததும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள்ளிறுக்கம் தணியக் காய்ச்சி மெல்ல ஆற்றுவது) செய்யாவிட்டால் நீளத் தண்டு நைட்ரைடிங் உலைக்குள்ளேயே வளையும்.

துருப்பிடிக்காத எஃகு என்று ஒரே வகையாக எண்ண வேண்டாம். 304ஐ எந்த உலையிலும் தோய்த்துக் கெட்டியாக்க முடியாது. 450–850 டிகிரியில் நெடுநேரம் கிடந்தால் துரு எதிர்ப்பும் போகும். மோல்டுக்கு (வார்ப்பு அச்சுக்கு) வரும் 420 கெட்டியாகும், ஆனால் 450–600 டிகிரி டெம்பர் அதற்கு ஆகாது: துரு எதிர்ப்பும் குறையும், எளிதில் உடையவும் செய்யும். பினாங்கின் ஈரக்காற்றில், குளிர்நீர் ஓடும் துவாரங்களில் விரைவில் தெரிந்துவிடும். 17-4பிஎச் என்ற இன்னொரு துருப்பிடிக்காத எஃகு 480 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் 40–44 வரும். அப்போது 100 மி.மீ.க்குச் சுமார் 0.05 மி.மீ. சுருங்கும்; முன்னதாகவே முடிவளவுக்குக் கடைந்துவிட்டால் பொருள் சிறுத்துவிடும்.

அலுமினியத்தில், 6061-டி6 என்ற சூட்டால் வலுவேற்றிய கலவைச் சட்டத்தை வெல்டிங் செய்துவிட்டு அதே பலத்தை எதிர்பார்ப்பதுதான் பெரிய தவறு. வெல்டின் ஓரத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகும். மீட்க வேண்டுமென்றால் 530 டிகிரியில் வைத்து, உலைக்கதவு திறந்த சில விநாடிகளுக்குள் தண்ணீரில் இறக்கி, பிறகு 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். மெல்லிய தகடு தண்ணீரில் கோணும். அதை உடனே நிமிர்த்துங்கள். நம் வெப்பத்தில் சில மணி நேரத்தில் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். அன்றே முடியாதென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

40 எச்ஆர்சிக்கு மேற்பட்ட போல்ட்டுக்கு மின்முலாமாக ஸிங்க் ஏற்றினால், நான்கு மணி நேரத்துக்குள் 190–220 டிகிரி அடுப்பில் போட்டுப் பல மணி நேரம் வைக்க வேண்டும். உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால், முறுக்கி இறுக்கிய மறுநாள் தலை தெறிக்கும்.

சோதனையிலும் ஒரு பிழை நடக்கிறது. நைட்ரைடு அடுக்கு பெரும்பாலும் அரை மி.மீ.க்குள்தான் இருக்கும். ராக்வெல் சி 150 கிலோ பாரத்தோடு அழுத்தும். முனை அடுக்கைத் தாண்டி உள் எஃகைத்தான் அளக்கும், எண் குறைந்து காட்டும். அங்கே சிறு பாரத்தோடு அழுத்தும் விக்கர்ஸ் சோதனை எடுங்கள். எந்த இடத்தில் அளப்பது என்பதையும் டிராயிங்கில் குறியுங்கள். இல்லாவிட்டால் வைரமுனைக் குழி சீல் உட்காரும் இடத்திலேயே விழுந்திருக்கும்.