மார்ச்சுவரி வாசலில் கையெழுத்துப் போடும் முன்னால்

விபத்து, மில்லில் ஷாக், கிணற்றில் விழுந்தது, காரணமே தெரியாத சாவு. இப்படி ஒன்று வீட்டில் நடந்துவிட்டால் எழவு கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் போலீஸ் விசாரணை வந்துவிடும். இங்கிலாந்தில் இதற்குக் கரோனர் என்று தனி அதிகாரி உண்டு. நம் பக்கம் அந்த வேலை ஸ்டேஷன் அதிகாரியுடையது, சில சாவுகளில் ஆர்.டி.ஓ.வோ (வருவாய்க் கோட்டாட்சியர்) மாஜிஸ்திரேட்டோ செய்வார்கள். 2024 ஜூலை 1-லிருந்து இது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவில் வருகிறது. ஸ்டேஷனில் இன்னும் பழக்கத்தில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி "174" என்பார்கள், குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், குடும்பத்தின் பெயரில் எழுதப்படும் முதல் புகார். எங்கள் சித்தப்பா பல்லடம் பக்கம் ஒரு மில்லில் ஷாக் அடித்துப் போனார். மறுநாள் காலையில் மார்ச்சுவரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் சித்தி உட்கார்ந்திருக்க, எழுதித் தயாராக இருந்த ஒரு தாளை ஏட்டு நீட்டினார். சித்தி படிக்கவே இல்லை, பேனாவை வாங்கிவிட்டார். "கொஞ்சம் இருங்க சித்தி" என்று நான் வாங்கி வாய்விட்டுப் படித்தேன். "என் கணவருக்கு அடிக்கடி மயக்கம் வரும், எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை" என்று இருந்தது. அவருக்கு ஒரு நாளும் மயக்கம் வந்ததில்லைங்க. மில்லில் யாரோ சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எடுக்க வைத்து, வேலை நேரத்தில் மிஷினைத் தொட்டபோது ஷாக் அடித்தது என்று மாற்றி எழுதிய பிறகுதான் கையெழுத்து. அரை மணி நேரம் தாமதம் ஆனது, அவ்வளவுதான். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது இந்தத் தாளைத்தான். சந்தேகம் இல்லை என்று எழுதினால்தான் பாடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள்.

சரி, வக்கீலுக்குப் பணம்? இதில்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, எந்த மாவட்டமானாலும் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளிலும் அதன் குழு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், மற்றவர்களுக்கு மட்டும் வருமான வரம்பு பார்ப்பார்கள். மனுவை இறந்தவரின் மனைவி அல்லது அம்மா பெயரில் கொடுத்தால் வருமானக் கேள்வியே வராது. 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அன்றைக்கே சொந்தத்தில் ஒருவரை அனுப்புங்கள்.

பிரேத விசாரணையில் பஞ்சாயத்தாராக, அதாவது சாட்சியாக, அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், உடம்பில் உள்ள காயங்களை அவர்கள் முன்னால்தான் எழுத வேண்டும். விவரம் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, பார்த்த காயத்தைத் தன் நோட்டிலும் குறித்துக்கொள்வது நல்லது.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் விசாரணை ஆர்.டி.ஓ.விடம் போகும். கோபியோ தாராபுரமோ பொள்ளாச்சியோ, அழைப்பு வந்தால் ஊர்ப் பெரியவர்களை மட்டும் அனுப்பாமல், பெண்ணோடு கடைசியாகப் பேசிய அக்காவோ அம்மாவோ நேரில் போய்ச் சொல்ல வேண்டும், மெசேஜ், போன் பதிவு எதையும் அழிக்கக் கூடாது. போலீஸ் காவலில் நடந்த சாவென்றால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிப்பார், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவிக்கு முடிந்தவரை தகவல் சொல்லி விசாரணையில் இருக்க விட வேண்டும் என்று 196-வது பிரிவே சொல்கிறது. அப்போது வக்கீல் இல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

அப்புறம் காகிதங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், அன்றே கேளுங்கள். ஸ்டேஷனில் புகாரையே வாங்காவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள், அதற்கும் பலனில்லை என்றால் அந்த ரசீதோடு வக்கீல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுவார். சாலை விபத்தென்றால் நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வழக்கு எண்ணைச் சொல்லி மாதம் ஒரு தடவை எழுத்தில் கேட்டு, கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.