172 துடிப்பா, 172 காலடியா? த்ரெஷோல்டு கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் எங்களோடு காலையில் ஓடும் அண்ணாச்சிக்கு வயது 52. போன மாசம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓடி முடித்துவிட்டு வாட்ச் கட்டிய கையை நீட்டினார். "தம்பி, இதப் பாருடே. த்ரெஷோல்டு 172-ன்னு காட்டுது. நல்லதா, கெட்டதா?"

ஓட்டம் முழுக்க மகன் கல்யாணச் செலவைப் பற்றி மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டு வந்தவர் அவர். த்ரெஷோல்டு என்பது, தாண்டினால் உடம்பு நெடுநேரம் தாங்காது என்கிற துடிப்பு எல்லை. அதை ஒட்டி ஓடுகிறவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. ஆக, எண் இடித்தது. அவர் போனை வாங்கி ஆப்பைத் திறந்து, இதயத் துடிப்புக் கோட்டையும் நிமிஷத்துக்கு எத்தனை காலடி என்று காட்டும் கேடன்ஸ் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எட்டாவது நிமிஷத்திலிருந்து இரண்டும் ஒரே கோடு. வாட்ச் எண்ணியது அவர் இதயத்தை அல்ல, காலடியை.

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. வாட்சின் அடியில் பச்சையாக மின்னுகிற விளக்கு, தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியில் பார்க்கிறது. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் கை குலுங்குகிறது, மணிக்கட்டில் ரத்தமும் குலுங்குகிறது, லூசாகக் கட்டிய வாட்சும் சேர்ந்து குலுங்குகிறது. இரண்டு தாளத்தில் எது பலமோ அதை மென்பொருள் பிடித்துக்கொள்ளும். ஓட்டக்காரர்களின் காலடி பெரும்பாலும் 160 முதல் 180 வரை. அது துடிப்புக்கும் பொருந்துகிற எண் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. சந்தேகம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். அதற்கும் மேலே நல்லது மார்பில் கட்டும் பட்டை. அது இதயத்தின் மின்துடிப்பையே வாங்குவதால் காலடியோடு குழம்பாது.

சைக்கிளில் காலடித் தொல்லை இல்லை. ஆனால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கிக்கொண்டு போவதும், ஒட்டுப்போட்ட ரோட்டின் அதிர்வும் அதே வேலையைச் செய்யும். துடிப்பு 150-ல் இருக்கும்போது 118 என்று காட்டி மனசைக் குளிரவைக்கும்.

சரி, வாட்ச் எப்படித்தான் த்ரெஷோல்டைச் சொல்கிறது? தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் சேரும் வேகம், அதை உடம்பு அப்புறப்படுத்தும் வேகத்தைத் தாண்டுகிற இடம்தான் த்ரெஷோல்டு. பரிசோதனைக் கூடத்தில் ட்ரெட்மில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் விரலிலோ காதிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வாட்சுக்கு ரத்தம் கிடைக்காது. அது உங்கள் வேகத்தையும் துடிப்பையும் ஜோடி சேர்த்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கிறது. சும்மா இருக்கும்போது அந்த இடைவெளி கூடிக் குறைந்து வரும். உழைப்பு ஏற ஏறச் சீராகிவிடும். மூச்சின் தாளமும் அதில் தெரியும். எந்த இடத்தில் மூச்சு சட்டென்று வேகமெடுக்கிறதோ, அதை வைத்து த்ரெஷோல்டை ஊகிக்கிறது. இந்த வகைக் கணக்குக்குப் பெயர் பெற்றது ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட். 2020-ல் கார்மின் அதை வாங்கியது. மில்லிவிநாடி சுத்தமாகத் தெரியவேண்டிய கணக்கு இது. குலுங்கும் கையில் அது கிடைப்பது கஷ்டம். பல வாட்ச்கள் இந்த டெஸ்டுக்கு மார்புப் பட்டை கேட்பது அதனால்தான். துணைப்பொருள் விற்கும் தந்திரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்குக்கு அடியில் இன்னொரு எண் உட்கார்ந்திருக்கிறது: உங்கள் உச்சத் துடிப்பு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பல வாட்ச்கள் வயதை வைத்தே அதைப் போட்டுக்கொள்ளும், பெரும்பாலும் 220-ல் வயதைக் கழித்து. எனக்கு வயது 46. கணக்குப்படி 174. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் விடியற்காலம் ஆறு தடவை ஏறி இறங்கி ஓடியபோது பட்டை காட்டியது 187. அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு தவறுவது சகஜம். உச்சம் தப்பானால் அதற்கு மேல் கட்டிய த்ரெஷோல்டும், அதை வைத்துப் பிரிக்கும் துடிப்பு அடுக்குகளான ஜோன்களும் கோணலாகத்தான் நிற்கும்.

அடுத்தது, ஓட்டத்தில் வந்த எண்ணை அப்படியே சைக்கிளுக்குப் போட்டுக்கொள்வது. எங்கள் குழுவில் இதைச் செய்யாதவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். ஓடும்போது முழு உடம்பையும் நாமே தூக்கிச் சுமக்கிறோம், கையும் முதுகும்கூட வேலை செய்கின்றன. சைக்கிளில் சீட் சுமக்கிறது. அதனால் பெரும்பாலானவர்களுக்கு சைக்கிள் த்ரெஷோல்டு 5 முதல் 10 துடிப்பு குறைவாகவே இருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு 168, சைக்கிளுக்கு 160 என்று வைத்துக்கொள்வோம். நெடுந்தூரம் நிதானமாகப் போவதற்கான ஜோன் 2-ன் மேல் எல்லையை த்ரெஷோல்டில் 89 சதவீதம் என்று எடுத்தால் சைக்கிளில் 142-ல் நிற்கவேண்டியவர், 168-ஐ நம்பி 150 வரை மிதிப்பார். திருச்செந்தூர் போய்த் திரும்பும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் அந்த எட்டுத் துடிப்பு எங்கே போனது என்பது, திரும்பி வரும்போது கிருஷ்ணாபுரம் தாண்டியதும் தொடைக்குத் தெரியும். வாட்சில் இரண்டு விளையாட்டுக்கும் தனித்தனி ஜோன் போட இடம் இருக்கிறது. தேடிப் போடுங்கள்.

மிதிக்கும் பலத்தை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் இல்லாமல் சைக்கிளில் வாட்சே த்ரெஷோல்டைக் கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பதும் வீண். காற்று, சரிவு, முன்னால் போகிறவரின் மறைப்பு எல்லாம் வேகத்தை மாற்றிவிடுவதால், வேகத்தை வைத்து உழைப்பை அளக்க முடியாது. நாமே டெஸ்ட் செய்வதுதான் வழி: தனியாக 30 நிமிஷம், தாங்கக்கூடிய உச்ச வேகத்தில். பத்தாவது நிமிஷத்தில் லேப் பட்டனை அழுத்துங்கள். கடைசி 20 நிமிஷத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் எண். முதல் பத்தைச் சேர்க்காதீர்கள். துடிப்பு அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். சிலர் அந்தச் சராசரியை 95 சதவீதமாக்குகிறார்கள். அது 20 நிமிஷ வாட் டெஸ்டுக்கான கணக்கு, துடிப்புக்கு இல்லை.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பார்த்து டெஸ்டை ஒத்திப்போடுகிறவர்கள் உண்டு. என் கருத்து நேர் எதிர். பேட்டை தாண்டி ஆலங்குளம் பார்த்து எதிர்காற்றில் மிதித்தால் காலை ஓய்த்துவைக்க இடமே கிடைக்காது, துடிப்பு ஒரே சீராக நிற்கும். கெடுப்பது திரும்பி வரும் பின்காற்றுதான். மிதிக்காமலே வண்டி ஓடும், சராசரி சரிந்துவிடும்.

வெயில் வேறு கதை. சித்திரையில் ஒன்பது மணிக்கு ஓடினால், மார்கழி விடியலில் ஓடிய அதே வேகத்துக்குத் துடிப்பு பத்துக்கு மேல் ஏறி நிற்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது, ஒரு துடிப்புக்குப் போகும் ரத்தம் குறைவதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. வாட்சோ உங்களுக்குத் தெம்பு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டும். காய்ச்சல் விட்ட வாரத்திலும், தூங்காத இரவுக்கு மறுநாளும் இதே கூத்துதான். பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பே அடங்கி வரும். அவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த டெஸ்ட் பக்கமே போகவேண்டாம்.

அண்ணாச்சி போன வாரம் பட்டை கட்டி 30 நிமிஷம் ஓடினார். பேச்சே இல்லை. கடைசி 20 நிமிஷச் சராசரி 158. "ஏ, பதினாலு குறைஞ்சு போச்சே" என்று முகம் வாடிவிட்டார். ஆறு மாசம் பயிற்சி செய்தாலும் இந்த எண் பெரிதாக ஏறாது என்றும், அதே 158-ல் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் ஆறரை ஆகிறதா என்றுதான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் பட்டையைக் கழற்றி, வியர்வை உப்போடு அப்படியே சுருட்டிப் பைக்குள் திணித்தார். வாங்கி மைதானத்துக் குழாயில் அலசிக் கொடுத்தேன். உப்புப் படிந்த பட்டை அடுத்த மாசமே தாறுமாறாகக் காட்டும். கட்டுவதற்கு முன்னால் அதன் ரப்பர் பகுதியைக் கொஞ்சம் தண்ணீர் தொட்டு நனைக்கவும் வேண்டும்.