ஹார்டு டிஸ்க் எப்போது கைவிடும்? ஸ்மார்ட் அட்டவணையில் நான் பார்க்கும் எண்கள்

ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்து எழுதிவைக்கும் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலானவர்கள் அந்தப் பதிவைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருளைத் திறக்கிறார்கள். மேலே இருக்கும் கட்டம் நீலமா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருச்சியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் ஸ்டுடியோக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள அட்டவணைக்கு வாருங்கள் என்பதுதான். ஒரு முகூர்த்த நாளின் படங்கள் அத்தனையும் ஒரே டிஸ்க்கில் கிடக்கும்போது நிறத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு எண்கள் உண்டு: தற்போதைய மதிப்பு, இதுவரை எட்டிய மிக மோசமான மதிப்பு, வரம்பு, கடைசியாக மூல மதிப்பு, அதாவது டிஸ்க் எண்ணிவைத்த அசல் எண். முதல் இரண்டும் பரீட்சை மதிப்பெண் போன்றவை. பெரும்பாலும் 100, 200 அல்லது 253இல் தொடங்கிக் கீழே இறங்கும். வரம்பைத் தொட்டால்தான் டிஸ்க் தன்னைப் பழுது என்று ஒப்புக்கொள்ளும். அந்த வரம்பு வெகு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும். பல செக்டார்கள் (தகவல் பதியும் சிறு துண்டுகள்) கெட்ட பிறகும் மதிப்பெண் 100இலேயே நிற்பதுண்டு. ஆகவே கடைசி நெடுவரிசையில் இருக்கும் மூல மதிப்பைத்தான் படிக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்: அங்கே 10 என்று தெரிந்தால் உண்மையில் 16. அமைப்பில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வரி எண்களும் அதே முறையில்தான் இருக்கும்; 197 என்பது சி5, 198 என்பது சி6, 187 என்பது பிபி, 199 என்பது சி7. லினக்ஸில் இதே பதிவைத் தசம எண்ணில் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவியைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை.

நான் முதலில் தேடும் வரி 197. நிலுவையில் இருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை அது. ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் போனால் டிஸ்க் உடனே அதற்கு மாற்று ஏற்பாடு செய்வதில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அதற்கே தெரியாத நிலையில், வெற்றுச் செக்டாரை அந்த இடத்தில் வைத்தால் உங்கள் கோப்பு யாருக்கும் தெரியாமல் கெட்டுவிடும். அதனால் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்போது சோதித்துப் பார்க்கும். சரியாகப் பதிந்தால் 197 குறையும், வேறு எதுவும் மாறாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் வந்த நிலுவை பெரும்பாலும் இப்படித்தான் தீரும். பதியவில்லை என்றால் உபரிப் பகுதியிலிருந்து வேறு செக்டார் ஒதுக்கப்படும். அப்போது இப்படி மாற்றி ஒதுக்கியவற்றை எண்ணும் வரி 5 ஏறும். ஆக, 197 குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் 5ஐப் பாருங்கள். 197 எட்டு குறைந்து 5 எட்டு ஏறியிருந்தால் டிஸ்க்குக்குள் தகவல் பதியும் தட்டின் பரப்பே பழுதாகிவிட்டது. (எட்டெட்டாக மாறுவது வியப்பில்லை. இன்றைய டிஸ்க்குகளில் 4096 பைட் கொண்ட ஒரு செக்டாருக்குள் 512 பைட் துண்டுகள் எட்டு அடங்கும்.)

187 என்பது டிஸ்க்கால் திருத்த முடியாமல் கணினிக்குப் பிழையாகத் திருப்பிச் சொன்னவை. இங்கே பூஜ்யத்தைத் தாண்டினால், ஏதோ ஒரு கோப்பைப் படிக்க முடியாமல் ஏற்கெனவே திணறியிருக்கிறது என்று அர்த்தம். 198 என்பது டிஸ்க் தானாகச் சோதிக்கும்போது திருத்த முடியாமல் போன செக்டார்கள்; அது பெரும்பாலும் 197இன் கூடவே போகும்.

இந்த வரிகளுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையின் இன்னொரு பாதியையும் மனதில் வைக்க வேண்டும்: பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல் முக்கியமான நான்கு எண்ணிக்கைகளில் எந்த அறிகுறியும் காட்டவில்லை. இணையத்தில் காப்புப் பிரதி சேமித்துத் தரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கும் இதையொட்டியே போகிறது. 5, 187, 188 (நேரத்துக்குள் முடியாத கட்டளைகள்), 197, 198 ஆகிய ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, பழுதான டிஸ்க்குகளில் 76.7 சதவீதம்; ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம்தான். ஆகவே இந்த எண்கள் ஏறினால் நம்புங்கள், பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். அட்டவணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரண்டாவது பிரதி வேண்டும்.

தேவையில்லாமல் பயமுறுத்தும் வரிகளும் உண்டு. சீகேட் டிஸ்க்குகளில் 1 (படிப்புப் பிழை விகிதம்), 7 (தலை இடம் தேடும் பிழை விகிதம்) ஆகியவற்றின் மூல மதிப்பு கோடிக்கணக்கில் தெரியும். பல மாடல்களில் அது பிழையும் மொத்தச் செயல்களும் ஒரே எண்ணில் சேர்த்து எழுதப்பட்டது. பதினாறடிமானப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் நான்கும் பூஜ்யமாக இருந்தால் பிழை இல்லை. இந்த ஒரு காரியத்துக்குப் பதினாறடிமானம் உதவும். 199 என்பது டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தகவல் போகும்போது வந்த பிழைகள்; அது ஏறினால் பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அந்த எண்ணிக்கை ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றிவிட்டு, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒருநாள் பார்த்த எண்ணைவிட அது நகர்கிறதா என்பதே முக்கியம். என் கடையில் டிஸ்க்கின் மேலேயே சிறிய ஸ்டிக்கர் ஒட்டி, தேதியோடு 5, 197, 199 மூன்றையும் எழுதிவிடுவேன். 5இல் இரண்டோ மூன்றோ இருந்து, பல மாதமாக அசையாமல், 197 பூஜ்யமாகவும் இருந்தால் அந்த டிஸ்க்கை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. வாரத்துக்கு வாரம் ஏறினால், எண் சிறியதாக இருந்தாலும் ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

197இல் எண் தெரிந்ததும் விண்டோஸின் செக்டிஸ்க் சோதனைக் கருவியைப் பழுதுபார்க்கும் /r தெரிவோடு ஓட்டாதீர்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள். அது தட்டு முழுவதையும் படிக்க வைக்கும், தளர்ந்த டிஸ்க்கில் எழுதவும் செய்யும். வேறு பிரதி இல்லாத கோப்புகளை முதலில் எடுங்கள். காப்பி நின்று நின்று போனால் அங்கேயே நிறுத்திவிட்டு ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் படியெடுங்கள். நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் முறை. எதுவரை முடிந்தது என்பதை மேப் கோப்பில் எழுதிவைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். கடகடவென்று சத்தம் வந்தால் இதையும் செய்யாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். டிஸ்க் தன் பரப்பு முழுவதையும் தானே சோதிக்கும் நீண்ட சுயசோதனை, தகவல் பத்திரமான பிறகுதான். 4 டிபி டிஸ்க்குக்குப் பல மணி நேரம் எடுக்கும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் இந்த வரிகள் இருக்காது. அங்கே மீடியா பிழைகள், மீதமுள்ள உபரி, பயன்படுத்திய சதவீதம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது எழுதும் ஆயுளின் மதிப்பீடு மட்டுமே. 100ஐத் தாண்டியும் ஓடும். மீடியா பிழை பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் 197க்குச் சொன்னதையே செய்யுங்கள்.